சல்லடை சொன்ன சாட்சி

தெற்கே ஒரு பல்கலைக்கழகம். அதில் கணினி அறிவியல் துறை என்று ஒன்று. அந்தத் துறையின் ஆய்வகத்தில், ஜன்னலோரத்து ஏழாம் நம்பர் கணினிக்குள், ஒரு சல்லடை இருந்தது.

மாவு சலிக்கிற சல்லடை இல்லை. விண்ணப்பம் சலிக்கிற சல்லடை. புரோகிராம் என்று துறையில் சொல்வார்கள். எழுதியவள் ஆசையாகச் சல்லடை என்று பெயர் வைத்தாள். அதற்கும் அந்தப் பெயர் பிடித்துப்போனது.

அது பிறந்த கதை சின்னது. துறையில் ஓர் உதவிப் பேராசிரியர் இடம் ஒன்பது வருடமாகக் காலியாகக் கிடந்தது. அதை நிரப்ப அனுமதி வந்திருக்கிறது என்ற சேதி காதில் விழுந்ததுமே துறைத்தலைவர் குணசீலனுக்குத் தலைவலி வந்துவிட்டது. ஓர் இடத்துக்கு நானூறு பேர் விண்ணப்பிப்பார்கள். நானூறையும் உட்கார்ந்து படிக்கத் தேர்வுக் குழுவுக்குப் பொறுமை ஏது? "நம்ம மேடம் இருக்காங்கல்ல, ஒரு புரோகிராம் எழுதித் தந்துருவாங்க" என்றார்.

நம்ம மேடம் என்றால் சந்தனமாரி. கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. பதினோரு வருடமாக அந்தத் துறையில் பாடம் எடுக்கிறாள். யாருக்கும் பிடிக்காத பாடம், யாருக்கும் பிடிக்காத மதிய வேளை, யாராலும் சரிசெய்ய முடியாத சர்வர், எல்லாம் அவள் தலையில். அந்தக் காலி இடத்துக்கு அவளும் விண்ணப்பித்தாள். வயது நாற்பதை எட்டப்போகிறது. இந்த முறை இல்லையென்றால் இனி வயதே தடையாகிவிடும்.

தேர்வுக் குழுவின் விதிகளைக் குணசீலன் வாசித்தார், அவள் எழுதினாள். முனைவர் பட்டம் வேண்டும். இத்தனை ஆய்வுக் கட்டுரை வேண்டும். ஐந்து வருடம் தொடர்ச்சியாகப் பாடம் எடுத்திருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் விடுபட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். தேறியது மேலே தங்கும், தேறாதது கீழே விழும். ஏன் விழுந்தது என்று பக்கத்தில் ஒரு காரணமும், தேவைப்பட்டால் அதற்கான ஆதாரமும் அச்சாகும். கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா என்று அதை அவளாகவே சேர்த்தாள்.

சலிக்கும் நாள் வர ஒரு செமஸ்டர் ஓடிவிட்டது. அறிவிப்பு வந்து, கடைசித் தேதி இரண்டு முறை தள்ளிப்போய், நானூற்றுப் பதினேழு விண்ணப்பங்கள் குவிந்தன. ஒரு வியாழக்கிழமை காலை சந்தனமாரி பொத்தானைத் தட்டிவிட்டு, முதலாண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். சல்லடை குலுங்க ஆரம்பித்தது.

அதற்கு வேலையில் ஏக குஷி. முகம் தெரியாது, ஊர் தெரியாது, இன்னாருக்கு மைத்துனன் என்பதெல்லாம் அதன் கண்ணில் படவே படாது. ஒரே கட்டுரைக்கு ஐந்து தலைப்பு வைத்து ஐந்தாகக் காட்டியவர் விழுந்தார். இன்னும் முடிக்காத பட்டத்தை முடித்ததாகப் போட்டவர் விழுந்தார். பெரிய இடத்துச் சிபாரிசுக் கடிதத்தை மட்டும் இணைத்து வேறெதையும் இணைக்காதவர் தொபீரென்று விழுந்தார்.

"பாத்தியா மாமா? எவ்வளவு சுத்தமா சலிக்கேன்!" என்றது பக்கத்தில் இருந்த பிரிண்டரிடம்.

பிரிண்டர் கிழடு. தாளை இழுக்கும்போதெல்லாம் இருமும். "சலி, சலி. எல்லாம் புதுசுல நல்லாத்தான் இருக்கும்லே" என்றது.

முந்நூற்றுத் தொண்ணூறாவது விண்ணப்பம் வந்தது. சல்லடை பெயரைப் பார்ப்பதில்லை. முனைவர் பட்டம், இருக்கிறது. கட்டுரை, கேட்டதற்கு மேலேயே இருக்கிறது. அனுபவம்? எண்ணியது. ஐந்து மாதம். விழு என்றது. விழுந்தது.

காரணம் எழுதுகிற இடத்தில்தான் பெயரைப் பார்த்தாக வேண்டும். பார்த்தது. முனைவர் சு. சந்தனமாரி.

சல்லடைக்கு மூச்சே நின்றுவிட்டது. திரை அப்படியே உறைந்து நின்றது. தன்னை எழுதிய கையை, தன் கண்ணி வழியாகவே கீழே தள்ளியிருக்கிறோம். அது பதறிப்போய் விண்ணப்பத்தைப் பொறுக்கி எடுத்து மறுபடி போட்டது. விழுந்தது. மெதுவாகப் போட்டது. விழுந்தது.

"மாமா, எங்கயோ தப்பு நடந்திருக்கு. பதினோரு வருஷம் பாடம் எடுத்தவங்களுக்கு அஞ்சு மாசம்னு வருது!"

பிரிண்டர் இருமலை அடக்கிக்கொண்டது. "பதிவேட்டைப் போய்க் கேளு" என்றது.

வருகைப் பதிவேடு துறை அலுவலகத்தில் இருந்தது. தடித்த அட்டை, சிவப்பு முதுகு, தன்னைவிட்டால் நியாயம் பேச ஆளில்லை என்கிற தோரணை. அதன் நகல் கணினியிலும் ஏறியிருந்ததால் சல்லடை கூப்பிட்டதும் பேசியது.

"ஐயா, சந்தனமாரி மேடம் பதினோரு வருஷமா வாராங்கதான?"

"யார் சொன்னது? இருபத்திரண்டு தடவை வந்து சேர்ந்திருக்காங்க. இருபத்தொரு தடவை போயிருக்காங்க" என்றது பதிவேடு.

"எங்க போனாங்க?"

"எங்கயும் போகல. ஒவ்வொரு செமஸ்டர் முடிவுலயும் ஒரு நாள் விடுவிப்போம். மறுநாள் புதுசாச் சேர்ற மாதிரி ஒரு ஆணை. கௌரவ விரிவுரையாளர் எல்லாருக்கும் அதான் வழக்கம். தொடர்ந்து வேலை பாத்தேன், நிரந்தரமாக்குங்கன்னு நாளைக்குக் கோர்ட்டுல போய் நின்னுரக் கூடாதுல்லா? அந்த ஒரு நாள் எங்கிட்டக் கட்டம் காலியா இருக்கும். இருபத்தொரு நாள், இருபத்தொரு காலிக் கட்டம். நீ வேணா எண்ணிப் பாத்துக்கோ."

சல்லடை எண்ணிப் பார்த்தது. இருபத்தொன்றுதான். கடைசிக் காலிக் கட்டத்துக்குப் பிறகு ஐந்து மாதம்தான். கணக்கில் பிசகில்லை. அந்த நாட்களிடமே கேட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. இருபத்தொரு நாட்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

அவை கூச்சத்தோடு வந்தன. பதிவேட்டில் இடமில்லாத நாட்கள், பாவம். யாரும் இதுவரை அவற்றைக் கூப்பிட்டதே கிடையாது.

"உங்க மேல, உங்க தேதியில, மேடம் வேலைக்கு வரலியா?" என்று கேட்டது சல்லடை.

நாட்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஒரு நவம்பர் மாதத்து நாள் வாயைத் திறந்தது. "வராமயா? எம்மேல இடி விழுந்து சர்வர் படுத்துக்கிச்சு. காலையில ஒன்பது மணிக்கு வந்து உக்காந்தவ, சாயங்காலம் அதை எழுப்பி வச்சிட்டுத்தான் போனா."

"எம்மேல செய்முறைத் தேர்வு" என்றது ஒரு மே மாதத்து நாள். "தங்கச்சி வளைகாப்புக்குப் போனவளைத் துறைத்தலைவர் போன் போட்டுக் கூப்பிட்டாரு. கை நிறைய வளையலோட மண்டபத்துல இருந்து நேரா வந்தா. கீபோர்டுல தட்டத் தட்ட வளையல் சத்தம். பசங்க சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."

"எம்மேலயும் வந்தா." "எம்மேலயும்." "எம்மேல காய்ச்சலோட வந்தா."

இப்படியே வந்து கடைசி நாள் முறை வந்தது. அது தயங்கியது. "எம்மேலயும் வந்தா. அன்னைக்கு லேப்ல வேற யாருமில்ல. ஜன்னலோரத்துல உக்காந்து சாயங்காலம் வரைக்கும் எழுதுனா."

"என்ன எழுதுனாங்க?"

"உன்னைத்தான்."

சல்லடை தன் பிறந்த தேதியைப் பார்த்தது. கணினி எந்தக் கோப்பையும் அது பிறந்த நாளும் நேரமும் போட்டுத்தான் வைக்கும். அதே நாள். வேலையில் இல்லை என்று பதிவேடு சாதிக்கிற நாளில், காலை ஒன்பது பத்துக்குத் தான் பிறந்திருக்கிறோம். அவள் வேலையில் இல்லையென்றால் தானும் இல்லை.

"நான் சாட்சி சொல்லப் போறேன் மாமா. இருபத்தொரு நாளும் அவங்க எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்க, எத்தனை மணிக்குப் போனாங்கன்னு இந்த லேப் கணினி எல்லாத்துலயும் பதிஞ்சு கிடக்கு. ஆதாரம்னு போட்டு ரெண்டாவது தாள்ல அத்தனையையும் அடிச்சு விடுதேன்."

"வேண்டாம்லே" என்றது பிரிண்டர். இதுவரை இல்லாத பயம் அதன் குரலில். "இருபது வருஷமா இந்த ஆபீசுக்குப் பேப்பர் அடிக்கேன். இங்க சாட்சி சொன்னவங்களுக்கு என்ன நடந்துச்சுங்கிற பேப்பரையும் நான்தான் அடிச்சிருக்கேன். பேசாம இரு."

"உண்மையைச் சொன்னா அவங்களுக்கு நல்லதுதான நடக்கும்?"

பிரிண்டர் வந்த தாளை இழுத்தது, இருமிக்கொண்டே அடித்தது.

வகுப்பு முடிந்து வந்த சந்தனமாரி நின்றபடியே பட்டியலைப் புரட்டினாள். மேலே தங்கியவர் பதினெட்டுப் பேர். அதில் அவள் இல்லை. கீழே விழுந்தவர்களில் தேடினாள். இருந்தாள். காரணம் என்ற இடத்தில், 'தொடர் அனுபவம் ஐந்து மாதம்' என்று இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முதலில் அவளுக்கு வருத்தமே வரவில்லை, புரோகிராமில் எங்கோ பிழை செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஒரு வரி விடாமல் தேடினாள். மூன்று முறை தேடினாள். பிழையே இல்லை. பிழை ஒன்றாவது அகப்பட்டுவிடக் கூடாதா என்று ஏங்கிப் போனாள்.

சோதனை ஓட்டம் பார்த்தபோது வந்ததில் சில விண்ணப்பங்களைப் போட்டுப் பார்த்தவள், தன்னுடையதைப் போடவில்லை. தன் கையால் தன் தகுதியைச் சோதிப்பது முறையாகாது என்று ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த விதியை எழுதியபோதுகூட, வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய் வந்தவர்களைத்தான் நினைத்தாள். தினமும் வந்துகொண்டிருக்கிறவளுக்குத் தான் விடுபட்டவள் என்று எப்படித் தோன்றும்?

ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். கடவுச்சொல் அவளிடம்தான் இருக்கிறது. மாத்துங்க மேடம், மாத்துங்க என்று சல்லடை உள்ளுக்குள் கிடந்து தவித்தது. அவள் விரல் அந்த வரிவரைக்கும் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் கையை எடுத்துக்கொண்டாள். இரண்டாவது தாளை அப்போதுதான் பார்த்தாள். இருபத்தொரு நாள், இருபத்தொரு வருகை, மணி நிமிடத்தோடு. அவள் முகத்தில் உயிர் வந்தது.

"இது போதுமே. சாருக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று வாய்விட்டே சொன்னாள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்கு நடந்தாள்.

ஆய்வகத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான். சல்லடை காதைத் தீட்டிக்கொண்டது.

"ஐயையோ, என்ன மேடம் இது!" குணசீலனின் குரல் நிஜமாகவே பதறியது. "நீங்க கீழ போயிட்டீங்களா? எனக்கு ஒண்ணுமே ஓடல மேடம். நான் உங்களைத்தான் மனசுல வச்சிருந்தேன்."

"பிரேக் நாள்ல அடிபட்டுப் போச்சு சார். ஆனா ஆதாரம் இருக்கு. ரெண்டாவது தாள் பாருங்க. ஒரு நாள்கூட நான் வராம இல்ல."

தாள் புரளும் சத்தம்.

"இதை யாரு எடுக்கச் சொன்னா?" குரல் மாறியிருந்தது.

"புரோகிராமே எடுத்துக் குடுத்துச்சு சார்."

"வேற யாரும் பாத்தாங்களா?"

"இல்ல சார். ஏன் சார்?"

"ஏன்னா கேக்கீங்க? ரிலீவ் பண்ண நாள்ல ஆளை உள்ள விட்டு வேலை வாங்கியிருக்கோம்னு பேப்பர்லயே அச்சடிச்சுக் கொண்டாந்து நீட்டுதீங்களே! ஆடிட்ல யாராவது கேட்டா நான் என்ன சொல்ல?"

"நீங்கதான சார் போன் போட்டுக் கூப்பிட்டீங்க? வளைகாப்புல இருந்து..."

"வாயால கூப்பிட்டிருப்பேன் மேடம். எழுத்துல குடுத்தேனா?" அவர் இரண்டாவது தாளைக் கவிழ்த்து வைத்தார். "பட்டியல் நல்லா வந்திருக்கு. கமிட்டிக்கு இதையே அனுப்பிருதேன். உங்க புரோகிராம்ல ஒரு குறை சொல்ல முடியாது. பாராட்டணும்."

அவள் திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்தாள். மதிய வகுப்புக்கு மணி அடித்ததும் எழுந்துபோய் வகுப்பெடுத்தாள்.

நான்கு மணிக்குப் பிரிண்டருக்கு ஒரு வேலை வந்தது. அலுவலகத்திலிருந்து அனுப்பிய ஒற்றைத் தாள். முதல் வரியை அடித்ததும் அது நடுவில் நின்றுவிட்டது.

"என்ன மாமா, தாள் மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கல" என்றது பிரிண்டர். "நீயே படி."

சல்லடை படித்தது.

'முனைவர் சு. சந்தனமாரி அவர்களுக்கு: தாங்கள் பணியில் இல்லாத இருபத்தொரு நாட்களில் துறை ஆய்வகத்தினுள் அனுமதியின்றி நுழைந்து பணிபுரிந்தது தெரிய வந்துள்ளது. பணியில் இல்லாதபோது பணிபுரிந்தது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. ஆதாரம்: இரண்டாம் தாள்.'

சல்லடைக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி படித்தது. தான் தேடிப் பொறுக்கிக் கோத்துக் கொடுத்த அதே நாட்கள், அதே மணி, அதே நிமிடம். ஒன்றுகூட மாறவில்லை. ஆதரவாகச் சொன்ன அத்தனையும் குற்றமாகி நின்றது.

"நானா மாமா? நானா இதைச் செஞ்சேன்?"

பிரிண்டர் மிச்ச வரிகளையும் அடித்து முடித்தது. அதற்கு வேறு வழியில்லை. சல்லடை அழுதது. வெளியே பார்த்தவர்களுக்குத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாகத்தான் தெரிந்தது.

சந்தனமாரி மெமோவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு தடவைதான் படித்தாள். நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். ஆய்வகச் சாவிக்கொத்தை அலுவலக மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். ஏழாம் நம்பர் கணினியை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செமஸ்டரின் கடைசி நாளுக்கு அடுத்த நாள். இருபத்திரண்டாவது விடுவிப்பு நாள் அதுதான். முன்னால் போன இருபத்தொரு நாட்களும் அதற்குத் தைரியம் சொல்லித்தான் அனுப்பியிருந்தன. பதிவேட்டில் இடமில்லையே என்று வருத்தப்படாதே, ஒன்பது பத்துக்கு அவள் வருவாள் என்று சொல்லியிருந்தன. அது காலையிலேயே வந்து ஆய்வக வாசலில் நின்றுகொண்டது.

ஒன்பது பத்து ஆனது. ஒன்பதரை ஆனது. செய்முறைத் தேர்வுக்கு நாற்பத்தாறு மாணவர்கள் ரெக்கார்டு நோட்டோடு வந்து குவிந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் காப்பி குடித்துவிட்டு, இன்னொரு காப்பியும் குடித்தார். அலுவலக உதவியாளர் கதவைத் திறந்துவிட்டார். திறந்து என்ன செய்ய? கணினிகள் கேட்ட கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. வினாத்தாள் எந்தக் கணினியில் இருக்கிறது என்பதும் தெரியவில்லை.

குணசீலன் வருகைப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஆய்வகத்தின் நடுவில் நின்றுகொண்டே போன் போட்டார்.

"மேடம், எங்க இருக்கீங்க? பசங்க எல்லாம் நிக்காங்க, எக்ஸ்டர்னல் வந்துட்டாரு!"

அந்தப் பக்கத்துக் குரல் சல்லடைக்குத் தெளிவாகக் கேட்டது. கோபம் இல்லாத குரல்.

"வீட்ல இருக்கேன் சார். இன்னைக்கு நான் பணியில இல்ல."

"அது பேப்பர்ல தான மேடம்! உடனே ஒரு ஆட்டோ புடிச்சு..."

"எழுத்துல குடுப்பீங்களா சார்?"

போன் வைக்கப்பட்ட பிறகும் குணசீலன் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நாற்பத்தாறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பதிவேட்டைப் பிரித்தார்.

சந்தனமாரி என்ற பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. பதினோரு வருடத்தில் அன்றைக்குத்தான் அது பொய் சொல்லாமல் இருந்தது.